டிரைவர் துரைப்பாண்டிக்கு எந்தச் சாவி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் துரைப்பாண்டி டிரைவரைத் தெரியாதவர்கள் குறைவு. அரசு பஸ்ஸில் சிவகிரி ரூட்டை ஓட்டியே தலை நரைத்தவர். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே ரோட்டில் நின்றாலும் ஒருத்தர் செருப்பின் மேல்கூட டயர் படாமல் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுவார். பெரிய பேச்சுக்காரர் இல்லை. கோபம் வந்தால் ஹாரனை ஒரு அமுக்கு கூடுதலாக அமுக்குவார், அதோடு சரி. அவருக்கு வாய்த்த கண்டக்டர் பீர் மைதீன்தான் அவருக்கும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார். இந்த ஊமையையும் அந்த வாயாடியையும் ஒரே வண்டியில் போட்ட டிப்போக்காரர்கள் புண்ணியவான்கள். ஒரு விசிலுக்கு நிற்பதும் இரண்டு விசிலுக்குக் கிளம்புவதுமாக அந்த ஜோடி ஒரு ஆயுசையே ஓட்டி முடித்தது. சர்வீஸில் ஒரு விபத்து கிடையாது. அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

அத்தனை பெரிய வண்டியை ஓட்டியவருக்குச் சொந்தமாக ஒரு மொபெட்தான் இருந்தது. அதையும் சேலைக் கட்டு தூக்கப் பாதி நாள் பெண்டாட்டி கோமதித்தாய் வாங்கிக்கொள்வாள். தறிக்காரர்களிடமிருந்து சேலைகளை வாங்கி, மடித்து, லேபிள் ஒட்டித் திருப்பிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. வாய் பேசிக்கொண்டிருக்கும், கை மடித்துக்கொண்டிருக்கும்.

அவர் ரிட்டையர் ஆன அடுத்த வருஷம், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் பொன்மணி ஒரு கார் வாங்கிக் கொடுத்தாள். மின்சாரத்தில் ஓடுகிற கார். திருநெல்வேலி ஷோரூமில் டெலிவரி எடுக்கப் போனபோது, அங்கே இருந்த பெண் மேஜை மேல் வரிசையாக எடுத்துவைத்தாள். ரேஷன் கார்டு அளவில் ஒரு அட்டை. உள்ளங்கைக்குள் அடங்குகிற பட்டன் சாவி. மூன்றாவதாக வைக்க ஒன்றும் இல்லாததால் பொன்மணியின் போனைச் சுட்டிக் காட்டினாள். போனை வைத்தே கதவு திறக்கலாம், வண்டியைக் கிளப்பலாம், யாருக்கு வேண்டுமானாலும் சாவியைப் போன் வழியாக அனுப்பலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று ஒப்பித்தாள். யாருக்கு எது என்று முடிவு பண்ணிச் சொல்லுங்கள் சார் என்றாள்.

"போன்ல சார்ஜ் தீந்து போச்சுன்னா என்னம்மா செய்யது?" என்று கேட்டார் துரைப்பாண்டி.

"கார்டு இருக்கு சார். கதவுப் பக்கத்துல காட்டுனா திறந்துரும்."

"கார்டு தொலஞ்சு போச்சுன்னா?"

"அப்பா, போன்தான் நல்லது. எல்லாரும் இப்ப அதான் வச்சிருக்காங்க" என்றாள் பொன்மணி. பெங்களூர் போனதிலிருந்து அவள் தமிழ் கொஞ்சம் இஸ்திரி போட்டது போல் ஆகிவிட்டது.

அவர் பட்டன் சாவியை எடுத்தார். கையில் வைத்துக் கனம் பார்த்தார். சட்டைப் பையில் போட்டு, குனிந்து நிமிர்ந்து, விழுகிறதா என்று சோதித்தார். "எனக்கு இது போதும். போன்ல நாலு பேரு பேசுவான், நாப்பது படம் வரும். சாவின்னா அதுக்கு ஒரே சோலிதான் இருக்கணும்" என்றார்.

போன் சாவி மகளோடு பெங்களூர் போனது. வண்டியும் அவள் பெயரில்தான். கார்டு கோமதித்தாயின் பர்ஸுக்கு வந்தது. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு எதற்குச் சாவி என்று கேட்டாள். அவசரத்துக்கு ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். ஒரு மாதம் ரேஷன் கடையில் அவள் அந்தக் கார்டை நீட்ட, கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சீனி போட மாட்டாவ, அக்கா" என்றார். தெருவில் அந்தக் கேலி கொஞ்ச நாள் ஓடியது.

இரண்டு வருஷம் அந்தக் கார் அவர்களுக்குச் சந்தோஷத்தைத்தான் கொடுத்தது. கோயிலுக்குப் போனார்கள். சிவகிரியில் இருக்கிற கோமதித்தாயின் தங்கை வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் போனார்கள். சின்னக் காரைப் பஸ் மாதிரி அகலமாக வளைத்துத் திருப்புவார். பெட்டிக்கடை முன்னால் நிற்கிறவர்கள், "அண்ணாச்சி, பின்னாலே ஒண்ணும் இல்ல, தைரியமா ஒடிச்சுத் திருப்புங்க" என்று கேலி பண்ணுவார்கள். அவர் சிரிப்பார். காரை விட்டு இறங்கியதும் சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

பிறகுதான் அது வந்தது. காப்பிக்கு இரண்டு தரம் சீனி போட்டார். பேசிக்கொண்டிருந்த ஆளின் பெயரைப் பாதியில் தேடினார். வயசானால் யாருக்கும் வருவதுதான் என்று கோமதித்தாயும் விட்டுவிட்டாள். ஒருநாள் சிவகிரிக்குப் போகும் வழியில், ஊருக்குப் பாதை பிரிகிற ஒரு விலக்கில், பஸ் நிற்கிற இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. அவர் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன, டிக்கெட் ஏத்தப் போறியளா?" என்று கேட்டு அவள் சிரித்தாள்.

"மைதீன் விசில் குடுக்கலயே" என்றார்.

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். வாழ்நாளில் வேடிக்கையே பண்ணாத மனுஷன் இப்போதாவது பண்ணுகிறாரே என்று சந்தோஷம் வேறு. அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவள் அழுதது கொஞ்சமில்லை.

பீர் மைதீன்தான் வந்து சொன்னார். ரிட்டையர் ஆன பிறகு அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பழக்கடை போட்டிருந்தார். ரூட்டில் ஓடுகிற பழைய சகாக்கள் அவரிடம் வந்து சொன்னார்களாம். "மதினி, அண்ணாச்சி தனியாப் போகையில ஸ்டாப்பு ஸ்டாப்பா நிக்காவளாம். ஒரு கிழவரு பின்னால ஏறி உக்காந்து, 'சிவகிரி ஒண்ணு'ன்னு காசு நீட்டியிருக்காரு. அண்ணாச்சி அவரக் கொண்டுபோயி இறக்கியும் விட்டுருக்காவ." சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினார்கள். படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். மறதி நோய், கூடிக்கொண்டேதான் போகும், மாத்திரை வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். கோமதித்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வண்டி ஓட்ட விடாதீர்கள், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்ததும் துரைப்பாண்டி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு காரில் ஏறி, அவ்வளவு நெரிசலிலும் ஒரு குலுக்கல் இல்லாமல் சங்கரன்கோவில் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். கை எதையும் மறக்கவில்லை. இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக யோசித்தாள். வீடு வரை வந்தும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், வீட்டு வாசலில் ஒரு ஆள் மொபெட்டை நிறுத்தினார். விஜயராஜ் என்று பெயர் சொன்னார். சிவகிரி ரோட்டு மேல் ஆடு மேய்க்கிறவர். முகத்தில் கோபம் இல்லை.

"அண்ணாச்சி காரு காலைல ஒரு ஆட்ட அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டுக்கா. பஸ் ஸ்டாண்டுல கேட்டேன், வீட்டக் காட்டுனாவ."

கார் முன்பக்கத்தில் ஒரு ஓரமாக நசுங்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். உள்ளே துரைப்பாண்டி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அவள் பணம் எடுக்க அவசரமாகப் பீரோவைத் திறக்கப் போனாள்.

"ஆடு போனாப் போவுதுக்கா. அதுக்கு வரல. எம் மக அந்த ஆட்டுக்குப் பின்னாலதான் வந்துக்கிட்டு இருந்தா. ரெண்டாப்பு படிக்கா." அவர் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வேண்டாம் வேண்டாம் என்றவர் கையில் ஆட்டுக்கான பணத்தைத் திணித்து அனுப்பினாள். அவர் போன பிறகு வாசல் நடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் அந்தச் சாவி அவர் பையில் ஒருநாள்கூட இருக்கக் கூடாது. அது தீர்மானம். எப்படி எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஒளித்துவைத்தால் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார், தொலைத்துவிட்டோம் என்று துடித்துப்போவார். உள்ளதைச் சொன்னால்? சர்வீஸில் ஒரு விபத்து இல்லை என்கிற ஒற்றைப் பெருமையைத் தவிர வேறு சொத்து சேர்க்காத ஆளிடம், நீங்கள் ஒரு ஆட்டைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறீர்கள், ஒரு பிள்ளை தப்பித்தது என்று எந்த வாயால் சொல்வது? பீர் மைதீனைச் சொல்லச் சொன்னாள். அவர் ஒரு சாயங்காலம் பழப் பையோடு வந்தார். டிப்போ கதை, பழைய மேனேஜர் கதை எல்லாம் பேசினார், காப்பி குடித்தார், எழுந்துவிட்டார். தெருவரை பின்னாலேயே வந்த கோமதித்தாயிடம், "என்னால ஆவல மதினி. அண்ணாச்சி கைய நம்பித்தான் இத்தன வருசம் உசுரோட வீடு திரும்பியிருக்கேன். அந்தக் கையப் பாத்து ஓட்டாதன்னு எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வழி சொன்னது பொன்மணிதான். போனில், நிதானமாக, ஆபீஸில் பேசுவது போலவே சொன்னாள்.

"எம்மா, அந்தப் பட்டன் சாவி கையில இருக்கற வரைக்கும் நாம ஒண்ணும் பண்ண முடியாது. அப்பாவப் போன் சாவிக்கு மாத்திரு. போன்ல இருந்தா நான் இங்கருந்தே எடுத்துருவேன். திறக்காது. வண்டி ரிப்பேர், கம்பெனில பாக்கறாங்கன்னு சொல்லிரலாம். யாரும் அவர்ட்ட ஓட்டாதீங்கன்னு சொல்ல வேண்டாம். வருத்தமும் இருக்காது."

"அவியளுக்குத் தெரிஞ்சா?"

"எப்படிம்மா தெரியும்?"

கெட்டிக்காரப் பிள்ளை. அப்பா மேல் பாசமில்லாதவளும் இல்லை. அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படி யோசித்தாள். அம்மாவுக்கும் அது பிடித்துப்போனது. சொல்லத் தெரியாதவர்களுக்குச் சொல்லாமல் முடிக்கிற வழி கிடைத்தால் விடுவார்களா?

அன்று சாயங்காலம் காப்பியைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள். "இப்ப எல்லாரும் போன் சாவிதான் வச்சிருக்காவ. நீங்க மட்டும் இந்தக் கட்டியச் சொமந்துக்கிட்டு அலையுதிய. சட்டப் பை எல்லாம் தொங்கிப் போச்சு."

"எனக்கு இது போதும்ட்டி."

"உங்க மக ஆசையாச் சொல்லுதா. எனக்காவ ஒரு தடவ செஞ்சு பாருங்களேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து எனக்காக என்று அவள் அவரிடம் கேட்டது மிகக் குறைவு. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பத்திரமா வையி" என்றார். அவள் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஊரில் யாரிடமும் ஒரு பைசா ஏமாற்றாதவள், கூடப் படுத்து எழுந்த மனுஷனை ஏமாற்றிவிட்டாள்.

ஆனால் போன் சாவி அவருக்குப் பிடித்துவிட்டது. அதுதான் கொடுமை. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரை நெருங்கினால் போதும், மடங்கியிருந்த கண்ணாடிகள் இரண்டும் விரியும், கதவு திறந்துகொள்ளும். "நான் வாரேன்னு அதுக்கே தெரியுது பாரு" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். சும்மாவே வாசலுக்குப் போவார், கண்ணாடி விரிவதைப் பார்ப்பார், திரும்பி வருவார். பெயர்களும் நாள் கிழமையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிற நேரத்தில், தன்னைக் கண்டதும் தெரிந்துகொள்கிற ஒன்று வாசலில் நின்றது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சில நாள் ஏதாவது சாக்குச் சொல்லி அவரைத் தெருவைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு பொன்மணி அங்கிருந்து சாவியை எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். கோமதித்தாய் அடுக்களை ஜன்னலில் நின்றுகொண்டாள். சொல்ல வேண்டியது தயாராக இருந்தது. கம்பெனியில் ஏதோ கோளாறாம், மகள் பார்க்கிறாளாம்.

கண்ணாடிகள் விரியவில்லை. அவர் நின்றார். இரண்டடி பின்னால் போய்த் திரும்ப வந்தார். போனை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டு நெருங்கினார். கதவைத் தொட்டுப் பார்த்தார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போகலயா?" என்று கேட்டாள். இப்போது கேட்பார், சொல்லிவிடலாம்.

"வெயிலா இருக்கு. நாளைக்குப் போவம்" என்றார்.

மணி எட்டுகூட ஆகவில்லை. வானம் மூட்டம் போட்டிருந்தது.

அடுத்த நாளும் போனார், நின்றார், வந்தார். வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்த நாள் கால் வலிக்கிறது என்றார். வண்டி திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவள் தயாராக வைத்திருந்த பொய்க்கு வேலையே வரவில்லை. ஏன் கேட்க மாட்டேன் என்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

புரியவைத்தது மொபைல் கடை ஷாஜித். ஒருநாள் அவளுக்குப் போன் பண்ணினான். "அக்கா, அண்ணாச்சி கடைக்கு வந்தாவ. காரத் தொறக்கதுக்கு என்னென்ன செய்யணும்னு முதல்லருந்து சொல்லித் தரச் சொன்னாவ. போன்ல சாவியே இல்லியே அண்ணாச்சின்னேன். இல்ல தம்பி, அது இருக்கு, எனக்குத்தான் மறந்து போச்சுன்னாவ. வீட்டுல சொல்லிராத, பயந்துருவாவன்னும் சொன்னாவ. எனக்கு மனசு கேக்கலக்கா, அதான் கூப்புட்டேன்."

கோமதித்தாய் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டாள். அவர் நோகக் கூடாது என்று அவர்கள் செய்தது, அவரை அவரே நம்பாத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வண்டி பழுது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் தலைதான் பழுது என்று முடிவு கட்டிவிட்டார். அதையும் அவள் பயந்துவிடக் கூடாதே என்று மறைத்துவைத்துக்கொண்டு, தினமும் காலையில் தனியாகப் போய் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை அவர் வாசலுக்குப் போனபோது அவளும் பின்னாலேயே போனாள். அவர் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனை மறைக்கப் போனார், பிறகு மறைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கோமதி, இது நம்ம வண்டிதானா? வேற யாரு வண்டியவோ தொறக்கப் பாக்கனா?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பர்ஸைத் திறந்து கார்டை எடுத்தாள். ஒரு தடவைகூடச் செய்தறியாதவள், அன்று ஷோரூம் பெண் சொன்ன இடத்தில், கதவுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடிகள் விரிந்தன. கதவு திறந்தது.

"நம்ம வண்டிதான். உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. நாங்கதான் உங்க சாவிய எடுத்துட்டோம். நானும் பொன்மணியும்."

அவர் திறந்த கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்பம் எம் மேல தப்பில்ல" என்றார்.

"இல்ல."

"எதுக்கு எடுத்திய?"

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதை, விலக்கு விலக்காக அவர் நின்றதை, ஆட்டை, ஆட்டுக்குப் பின்னால் வந்த பிள்ளையை. தெருவில் நின்றே சொன்னாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. ஆடு என்றதும் அவர் கார் முன்னால் போய்க் குனிந்து அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலல்லா?"

"ஆவல. நல்லா இருக்கா."

"என் பட்டன் சாவிய எடுத்துட்டு வா" என்றார்.

பயந்துகொண்டேதான் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கினார், வழக்கம்போலக் கனம் பார்த்தார், சட்டைப் பையில் போட்டார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தானே வெளியில் எடுத்து, அவள் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா நானே தந்திருப்பம்லட்டி. பிள்ளைய அடிச்சுட்டு வந்து சோறு திங்கவனா நான்?"

நடுத்தெருவில் நின்று அவள் ஓவென்று அழுதாள். அவர்தான் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பெங்களூரில் பொன்மணியும் அன்று முழுக்க அழுதாள். அவரிடம் கேட்டிருக்கலாம் என்பது இத்தனை நாளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று ஆளாளுக்குச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நோய் விடுமா? மறுநாள் காலை அவர் சட்டை மாற்றிக்கொண்டு போனோடு காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடி விரியவில்லை என்று திகைத்தார். முந்தின நாள் பேசியதில் ஒரு சொல் மிச்சமில்லை.

கோமதித்தாய் போய் முதலிலிருந்து சொன்னாள். அவர் முதல் தடவை கேட்பது போலக் கேட்டார், குனிந்து நசுங்கலைத் தடவினார், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார், சாவியைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி, அவள் கையில் வைத்தார். அன்றும் அவர்தான் அவளைத் தேற்றினார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பீர் மைதீன்கூடச் சொல்லிப் பார்த்தார், காரை விற்றுவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே மதினி, தினம் எதற்கு அவரை அந்த ஆட்டுக்கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்று. அவள் கேட்கவில்லை. சாவி வேலை செய்யாதபடி அதில் இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, காலையில் அவர் சட்டை போடும்போது தானே அதைப் பையில் போட்டுவைத்தாள். பட்டன் சாவியா, கார்டா, போனா என்று அன்றைக்கு ஷோரூமில் கேட்டார்கள். இப்போது கேட்டால் அவளுக்குத் தெரியும். திறப்பதற்கு எதுவும் வேண்டாம். அவர் கையால் எடுத்துக் கொடுப்பதற்கு ஒன்று வேண்டும்.

சில நாள் கோபப்படுவார். "என்ட்ட கேக்காம எடுக்கதுக்கு நீங்க யாரு?" என்று கத்துவார். சில நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து திண்டாடுவார். ஒருநாள், "அந்தப் பிள்ளைய ஒரு நா பாத்துட்டு வருவமா?" என்று கேட்டார். ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். விஜயராஜின் மகள் அவருக்கு ஒரு குட்டி ஆட்டைத் தூக்கிக் காட்டினாள். வீடு திரும்புவதற்குள் அதுவும் மறந்துவிட்டது. ஆனால் எந்த நாளும், எவ்வளவு கத்தினாலும், கடைசியில் சாவியைக் கொடுக்காமல் இருந்ததில்லை. ஒவ்வொரு காலையும் அவர் புதிதாக எல்லாவற்றையும் இழந்தார், இழந்ததும் சரியானதைச் செய்தார். அதைப் பார்ப்பதற்காகவே அவள் எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவ்வளவு வலியிலும் அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு அவளுடைய பழைய துரைப்பாண்டி கிடைத்தார்.

மழைக்காலம் முடிந்து பனி விழுகிற ஒரு காலையில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டைச் சொல்லும்போது இன்றைக்காவது அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் காருக்குப் பக்கத்தில் இல்லை. காரைத் தாண்டிப் போய்த் தெருமுனையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கார் பக்கம் தலையே திரும்பவில்லை. கை சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தது. சாவியை வெளியே எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவளைக் கண்டதும் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தா, இத யாரோ பஸ்ஸுல விட்டுட்டு இறங்கிட்டாவ. கண்டக்டர்ட்ட குடுத்து டிப்போல ஒப்படைக்கச் சொல்லு. தேடிக்கிட்டு வருவாவ, பாவம்."

அம்மா என்று அவர் கூப்பிடுவது பஸ்ஸில் ஏறி இறங்குகிற, முகம் தெரியாத பெண்களைத்தான். அவள் கையை நீட்டினாள். அவர் வைத்தார்.

"குடுத்துருதேன்" என்றாள் கோமதித்தாய்.